பப்பாசி வெண்மூட்டுப்பூச்சியை ஒட்டுண்ணிக் குளவியால் அடக்குதல்

முன்னுரை

பப்பாசியின் குருத்திலும் காயிலும், மரவள்ளியின் நுனியிலும், செவ்வரத்தையின் மொட்டிலும் வெண்பஞ்சு அப்பியதுபோலக் காணப்படும் பூச்சியைக் கமக்காரர் பலரும் அறிவர். வெண்மூட்டுப்பூச்சி என வழங்கும் இது செதிற்பூச்சிகளுடன் நெருங்கிய உறவுடையது. இதனைக் கண்டவுடன் தெளிகருவியை எடுத்து நஞ்சு விசிறுவது பொது வழக்கமாகிவிட்டது. ஆயின், அந்நஞ்சு பல வேளைகளில் மெழுகால் மூடப்பட்ட பூச்சியை விட்டுவிட்டு, அப்பூச்சியை நாள்தோறும் அழித்துவரும் சிறு குளவியையே கொன்றுவிடுகின்றது. பணம் கொடுத்து வாங்கிய மருந்தினால் கமக்காரர் தமக்கு உதவிசெய்யும் உயிரை அழிப்பதும், பிள்ளைகள் உண்ணும் பழத்தில் நஞ்சைப் படியவிடுவதும் ஒருங்கே நிகழ்கின்றன.

அக்குளவி எது, அது எவ்வாறு தொழிற்படுகின்றது, அதனைத் தோட்டத்திற் கண்டுகொள்வது எப்படி, அதன் வேலைக்கு இடையூறு செய்யாதிருப்பது எப்படி என்பவற்றை விளக்குதலே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

பூச்சியின் இயல்பு

பப்பாசி வெண்மூட்டுப்பூச்சியை விஞ்ஞானிகள் பரகொக்கசு மார்ஜினேற்றசு என அழைப்பர். வளர்ந்த பெண்பூச்சி ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளமுடையது. அதன் உடல் மஞ்சள் நிறமானது. எனினும் மேலே வெண்ணிற மெழுகுத்தூள் படிந்திருப்பதால் மாவிற் புரண்டெழுந்ததுபோலத் தோன்றும். பெண்பூச்சிக்கு இறகில்லை. ஆண்பூச்சி மிகச் சிறியது, இறகுடையது, பயிருக்குக் கேடு விளைவிப்பதன்று.

பெண்பூச்சி தன் உடலின் பின்புறத்தே பஞ்சுபோன்ற பையொன்றை அமைத்து அதனுள் முட்டையிடும். ஒரு பூச்சி இடும் முட்டைகள் 100 முதல் 600 வரையாகும். ஏறத்தாழ 10 நாட்களில் முட்டைகள் பொரித்து இளம்பூச்சிகள் வெளிவரும். இவை ஊர்ந்து சென்று புதிய இடந்தேடும். காற்றினாலும், எறும்புகளாலும், மனிதரின் உடை, கூடை, கருவிகள் ஆகியவற்றாலும் ஒரு மரத்திலிருந்து மறுமரத்திற்குச் செல்வன இவ்விளம்பூச்சிகளே. வெப்பமான காலத்தில் முட்டை முதல் முதிர்பூச்சி வரையான வளர்ச்சி ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடிவுறும்.

இப்பூச்சி பப்பாசியை மட்டும் தாக்குவதன்று. மரவள்ளி, கத்தரி, தக்காளி, கொய்யா, செவ்வரத்தை, ஈழத்தலரி, காட்டாமணக்கு, முசுக்கொட்டை முதலிய பல்வேறு செடிகளிலும் வாழும். வேலியோரத்துக் களைகளிலும் இதனைக் காணலாம். ஆதலின் பப்பாசியை மட்டும் துப்புரவாக்கி வேலியைக் கவனியாது விடுதல் பயன் தராது.

விளையும் சேதம்

வெண்மூட்டுப்பூச்சி ஊசிபோன்ற வாயுறுப்பை இலையினுள் அல்லது காயினுள் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். உறிஞ்சும்போது செடிக்கு ஒவ்வாத உமிழ்நீரையும் உட்செலுத்தும். இதனால் இலைகள் மஞ்சளாகிச் சுருளும். குருத்து முறுகிக் குறுகும். பூவும் பிஞ்சும் உதிரும். கடுமையாகத் தாக்கப்பட்ட காய் வெண்படலத்தால் மூடப்பட்டு விற்பனைக்கு உதவாது போகும். கவனியாது விட்டால் மரமே பட்டுப்போவதுமுண்டு.

இதனோடு மற்றொரு தீங்கும் சேருகின்றது. உறிஞ்சிய சாற்றில் உள்ள மிகுதியான இனிப்பைப் பூச்சி தேன்போன்ற கழிவாக வெளியிடும். அக்கழிவு வீழ்ந்த இலைகளில் கரும் பங்கசு படர்ந்து, புகை படிந்ததுபோல் இலை முழுவதையும் மூடும். சூரியவொளி இலையை அடையாததால் மரத்தின் உணவாக்கம் குன்றும். அவ்வினிப்பை நாடி எறும்புகளும் வந்து சேரும். எறும்புகளால் வரும் கேடு பின்னர் விளக்கப்படும்.

நஞ்சு விசிறுவதால் ஏன் பயனில்லை?

இதற்கு நான்கு காரணங்கள் உள. முதலாவதாக, பூச்சியின் உடலை மூடிய மெழுகிலும் முட்டைப் பையிலும் நீரிற் கரைத்த மருந்து எளிதில் ஒட்டுவதில்லை. இன்று பூச்சிகள் இறந்தாலும், பையினுள் இருந்த முட்டைகள் அடுத்த வாரம் பொரிக்கும். இரண்டாவதாக, பூச்சிகள் இலையின் கீழ்ப்புறத்திலும், குருத்தின் மடிப்பிலும், நெருங்கிய காய்களின் இடுக்கிலும் மறைந்திருத்தலால் அவ்விடங்களுக்கு மருந்து செல்வதரிது. மூன்றாவதாக, வேலியிலும் அயல் வளவிலும் உள்ள செடிகளில் வாழும் பூச்சிகள் மீண்டும் வந்து குடியேறும். நான்காவதாக, விசிறிய நஞ்சு மெழுகுப் போர்வை இல்லாத குளவியையும், பூச்சியைத் தின்னும் வண்டையும் முதலில் கொல்லும். இந்நான்காவது காரணமே மிகப் பெரியதாகும். காவலாளர் இல்லாத தோட்டத்தில், தப்பிய சில பூச்சிகள் முன்னிலும் விரைவாகப் பெருகும். கமக்காரர் மீண்டும் விசிறுவர். பூச்சி மீண்டும் பெருகும். இச்சுழலில் ஒருமுறை அகப்பட்டவருக்குச் செலவு கூடுமேயன்றி விளைவு கூடாது.

இப்பூச்சி எங்கிருந்து வந்தது?

இதன் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவுமாகும். அங்கே இது பெருந்தீங்கு விளைவித்ததாக அறியப்படவில்லை. 1955 ஆம் ஆண்டிலேயே மெக்சிக்கோவில் இதன் மாதிரிகள் சேகரிக்கப்பட்டபோதும், 1992 ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் இதற்குப் பெயரிட்டு விவரித்தனர். எவருக்கும் தொல்லை தராத பூச்சியை எவரும் தேடுவதில்லையன்றோ?

1990 களில் இப்பூச்சி கரிபியன் தீவுகளிற் பரவியது. 1998 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாவிலும், 2002 ஆம் ஆண்டில் பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவிலும் காணப்பட்டது. 2008 ஆம் ஆண்டில் இந்தோனேசியா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் இதன் வருகை அறியப்பட்டது. இலங்கையில் முதலில் மேல் மாகாணத்தின் கம்பகா, கொழும்பு மாவட்டங்களில் இது பெருகியது. அதே ஆண்டில் தமிழ்நாட்டின் கோயம்புத்தூர்ப் பகுதியில் தோன்றிய இப்பூச்சி, பின்னர் அங்குப் பப்பாசி, மரவள்ளி, முசுக்கொட்டைத் தோட்டங்களைப் பெரிதும் வாட்டியது.

தாயகத்தில் அடங்கியிருந்த பூச்சி வேற்று நாட்டில் அழிவு விளைவிப்பானேன்? மெக்சிக்கோவில் அதனை உண்டு வாழும் குளவிகள் இருந்தன. கப்பலிலும் விமானத்திலும் செடிகளோடும் பழங்களோடும் கடல் கடந்து வந்தபோது பூச்சி மட்டும் வந்தது. அதன் பகை வரவில்லை. பகையற்ற நாட்டிற் பூச்சி தங்குதடையின்றிப் பெருகியது. ஆகவே, பூச்சியின் பகையையும் அதன் தாயகத்திலிருந்தே தேடிக் கொணர்தல் வேண்டும் என்பது தெளிவாகும். இம்முறை உயிரியல் முறைக் கட்டுப்பாடு எனப்படும்.

குளவியின் இயல்பும் தொழிலும்

குளவி என்றவுடன் கூரையிற் கூடு கட்டிக் கொட்டும் பெரிய குளவியை எண்ணி அஞ்சவேண்டியதில்லை. அசெரோபாகசு பப்பாயே எனப்படும் இவ்வொட்டுண்ணிக் குளவி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த நீளமுடையது. வெளிர் செம்மஞ்சள் நிறமானது. கைவில்லை இன்றி அதனைக் காண்பது கடினம். அது மனிதரைக் கொட்டுவதில்லை, விலங்குகளையும் தீண்டுவதில்லை, செடியை உண்பதில்லை.

பெண்குளவி இலையின்மீது நடந்து, தன் உணர்கொம்புகளால் தடவித் தடவி வெண்மூட்டுப்பூச்சியைத் தேடும். அது பெரிதும் விரும்புவது இரண்டாம் பருவத்து இளம்பூச்சியையே. பூச்சியைக் கண்டதும் தன் முட்டையிடும் ஊசியால் அதன் உடலைத் துளைத்து, உள்ளே ஒரு முட்டையை இடும். முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பி, பூச்சியின் உடலினுள்ளேயே இருந்து அதனை உண்டு வளரும். சில நாட்கள்வரை பூச்சி உயிரோடிருப்பதுபோலத் தோன்றும். பின்னர் அது உப்பி, அசைவற்று, தோல் தடித்து, கபில நிறமான சிறு கூடாக மாறும். குடம்பி அக்கூட்டினுள் உருமாற்றமடைந்து, முதிர்ந்த குளவியாகி, வட்டமான துவாரமொன்றைக் கடித்து வெளியேறும். முட்டையிட்டது முதல் குளவி வெளிவருவது வரை ஏறத்தாழ இரண்டு வாரங்களே செல்லும்.

இங்கே கவனிக்கத்தக்க கணக்கொன்று உண்டு. பூச்சிக்கு ஒரு தலைமுறை முடிய ஏறத்தாழ ஒரு மாதம். குளவிக்கு இரண்டு வாரம். பூச்சி ஒரு தலைமுறை பெருகும் காலத்தில் குளவி இரு தலைமுறை பெருகுகின்றது. ஆகையால், தொடக்கத்திற் குளவிகள் சிலவே இருப்பினும், இடையூறு செய்யாது விட்டால் அவை பூச்சியைப் பின்தொடர்ந்து பிடித்துவிடும்.

வண்டுகளும் வெண்மூட்டுப்பூச்சியை உண்பன. ஆயினும் வண்டுகள் பூச்சி மிகுந்துள்ள இடத்தில் உண்டு, குறைந்ததும் வேறிடம் நாடுவன. குளவியோ பூச்சி அரிதாகிய பின்னும் எஞ்சியவற்றைத் தேடித் திரியும். பூச்சியை நெடுங்காலம் தாழ்ந்த நிலையில் வைத்திருக்கும் வலிமை குளவிக்கு உண்டாவது இதனாலேயே.

பிறநாடுகளிலும் நம்நாட்டிலும் கண்ட பயன்

1999 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தினர் மெக்சிக்கோவிற் குளவிகளைத் தேடிச் சேகரித்து, புவேர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு ஆகிய இடங்களில் விடுவித்தனர். 2002 ஆம் ஆண்டில் குவாம் தீவில் விடுவிக்கப்பட்டபோது, ஏறத்தாழ ஓராண்டினுள் பூச்சியின் தொகை நூற்றுக்கு 99 இற்கு மேலாகக் குறைந்தது. இலங்கைக்கு இக்குளவி 2009 ஆம் ஆண்டில் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வருவிக்கப்பட்டுப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் விடுவிக்கப்பட்டது. இந்தியா 2010 ஆம் ஆண்டில் இதே வழியைப் பின்பற்றி, இக்குளவியுடன் வேறிரு குளவி இனங்களையும் வருவித்தது. தமிழ்நாட்டின் மரவள்ளி, முசுக்கொட்டைத் தோட்டங்கள் அதனால் மீண்டன.

மரவள்ளியைத் தாக்கும் வேறொரு வெண்மூட்டுப்பூச்சி 1970 களில் ஆபிரிக்காவிற் பரவி, அங்குள்ள ஏழை மக்களின் உணவையே பறித்தது. அதன் பகையான குளவி 1981 ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் பரகுவே நாட்டிற் கண்டுபிடிக்கப்பட்டு, ஆபிரிக்காவிற்குக் கொண்டுசெல்லப்பட்டது. நாடு பல கடந்து பரவிய அக்குளவியால் மரவள்ளி காப்பாற்றப்பட்டது. இப்பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் என்பார் 1995 ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசைப் பெற்றார்.

நம்நாட்டுக்கும் இம்முறை புதியதன்று. தேயிலைத் தளிர்களை ஒன்றோடொன்று பிணைத்து உள்ளிருந்து தின்னும் புழுவை அடக்குவதற்காக, 1935, 1936 ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவி கொணரப்பட்டது. அக்குளவி மலைநாட்டிற் பரவிப் புழுவை அடக்கியது. பின்னர், தேயிலையின் தண்டைத் துளைக்கும் வண்டினைக் கொல்லும்பொருட்டு டீல்டிரின் என்னும் நஞ்சு தோட்டங்களில் விசிறப்பட்டபோது, அக்குளவியும் மடிந்தது. அடங்கியிருந்த புழு மீண்டும் தலையெடுத்தது. ஒரு பீடைக்கு விசிறிய நஞ்சு வேறொரு பீடையை வளர்த்துவிட்டது. டீல்டிரின் இன்று தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் அந்நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம் பப்பாசித் தோட்டத்துக்கும் பொருந்தும்.

தோட்டத்திற் குளவியைக் கண்டறிதல்

மருந்து விசிறுவதா, விடுவதா எனத் தீர்மானிப்பதற்கு முன், குளவி தோட்டத்தில் உண்டா எனப் பார்த்தல் வேண்டும். குளவியைத் தேடவேண்டியதில்லை, அது விட்டுச்சென்ற அடையாளத்தைத் தேடினாற் போதும். பூச்சி உள்ள இலைகளைப் பல மரங்களிலிருந்து எடுத்து, அவற்றின் கீழ்ப்புறத்தைக் கைவில்லை கொண்டு நோக்குக.

மென்மையாய், மெழுகுத்தூள் படிந்து, தொட்டால் நசுங்கி மஞ்சள் நீர் வெளிவருவது உயிருள்ள பூச்சி. உப்பிக் கபில நிறமாகி, தொட்டால் வறண்டு கடினமாயிருப்பது குளவி குடிகொண்ட கூடு. கூட்டில் வட்டமான துவாரம் காணப்படின் குளவி வெளியேறிவிட்டது. துவாரம் இல்லையேல் குளவி இன்னும் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கின்றது. துவாரமற்ற கூடுகளே நாளைய குளவிகள். அவையுள்ள இலைகளைப் பறித்து எரித்தல் தகாது.

வாரம் ஒருமுறை ஒரே மரங்களைப் பார்த்து, உயிருள்ள பூச்சிகள் எத்தனை, கூடுகள் எத்தனை என எண்ணிக் குறித்துவருதல் நன்று. கூடுகளின் பங்கு வாரத்துக்கு வாரம் கூடிவருமாயின் குளவி வென்றுகொண்டிருக்கின்றது என்று கொள்க. அப்போது நஞ்சைத் தொடுதல் கூடாது.

மற்றுமோர் எச்சரிக்கை. வெண்மூட்டுப்பூச்சிகளின் நடுவே, அவற்றிலும் பெரிதாய், நீண்ட வெண் மெழுகு மயிர்களோடு விரைவாய் நடமாடும் உயிரொன்றைக் காணின் அதனை நசுக்கற்க. அது வெண்மூட்டுப்பூச்சியை உண்ணும் வண்டொன்றின் குடம்பியாக இருத்தல் கூடும். பார்வைக்குப் பூச்சியைப் போன்றிருப்பினும் அது பூச்சியின் பகை. மெல்ல நகர்வது பூச்சி. ஓடித்திரிவது வண்டின் குடம்பி என வேறுபடுத்தி அறியலாம்.

குளவி இல்லாத தோட்டத்துக்குக் குளவியைக் கொண்டுசெல்லல்

அயல் தோட்டத்தில் கூடுகள் மிகுதியாக இருப்பின் அவற்றை எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் இலையை அவ்வாறே கொண்டுசென்று மரத்திற் கட்டுதல் நன்றன்று. கூட்டோடு உயிருள்ள பூச்சிகளும் செல்லும். கீழ்க்காணும் முறை பாதுகாப்பானது.

வாயகன்ற கண்ணாடிப் போத்தலொன்றை நன்கு கழுவி உலர்த்துக. கூடுகள் மிகுந்த இலைத்துண்டுகளை அதனுள் இட்டு, நெருக்கமாக நெய்த மெல்லிய துணியால் வாயை இறுகக் கட்டுக. துணியின் உட்புறத்தில் நுண்ணிய கோடாகச் சிறிது தேன் தடவினால் வெளிவரும் குளவிகளுக்கு அது உணவாகும். தேன் மிகுந்தாற் குளவிகள் ஒட்டி இறக்கும். போத்தலை வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில், நீர் ஊற்றிய தட்டின் நடுவே வைத்தால் எறும்பு ஏறாது. நாள்தோறும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்குமிடத்து, துணியருகே சிறு புள்ளிகள்போல் குளவிகள் நடமாடக் காணலாம். அவ்வாறு கண்ட ஓரிரு நாட்களில், காலையிலோ மாலையிலோ வெயில் தணிந்த நேரத்தில், போத்தலைப் பூச்சியுள்ள மரத்தின் கீழ்க் கொண்டுசென்று துணியை அவிழ்த்துக் குளவிகளைப் பறக்கவிடுக. மழை பெய்யும்போது விடுதல் ஆகாது. இலைத்துண்டுகளைப் போத்தலினுள்ளேயே வைத்து மீண்டும் கட்டுக. குளவி வருவது நின்றபின் அவற்றை எரித்துவிடுக.

பூச்சியே இல்லாத தோட்டத்தில் முன்னேற்பாடாகக் குளவி விடுவதால் பயனில்லை. உண்ண ஏதுமின்றி அவை இறந்துபோம்.

வெளிநாட்டிலிருந்து குளவியையோ வேறெந்தப் பூச்சியையோ தாமாகக் கொணர எவரும் முயலுதல் கூடாது. நற்குளவியோடு அதனையே கொல்லும் வேறு குளவியும் வந்துவிடக்கூடும். புதிய பீடைகளும் வரக்கூடும். இதன்பொருட்டே 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய இறக்குமதியைக் கட்டுப்படுத்துகின்றது.

எறும்புகளை விலக்குதல்

வெண்மூட்டுப்பூச்சியின் இனிய கழிவை உண்ணும் எறும்புகள், மாடு வளர்ப்பவன் மந்தையைக் காப்பதுபோலப் பூச்சிகளைக் காக்கும். குளவி வந்து இலையில் இறங்கினால் எறும்பு அதனைத் துரத்தும். இளம்பூச்சிகளைப் புதிய தளிருக்குச் சுமந்து செல்வதுமுண்டு. குளவி இருந்தும் பூச்சி குறையாத மரத்தில், முதலில் தண்டைப் பாருங்கள். எறும்பு வரிசை ஏறியிறங்கும்.

எறும்பை விலக்க, தண்டைச் சுற்றி நான்கு அங்குல அகலமுள்ள பொலித்தீன் பட்டியை இறுகக் கட்டி, அதன்மேல் கிறீசு தடவுக. தண்டிலேயே கிறீசு பூசினால் பட்டை கேடுறும். மரம் பருக்குந்தோறும் பட்டியைத் தளர்த்திக் கட்டுதல் வேண்டும். வேலியிலும் கூரையிலும் முட்டும் இலைகளையும் கிளைகளையும் நீக்குக. ஒரு கிளை பாலமாக இருந்தாலும் பட்டி பயனற்றதாகும். அடிமரத்தைச் சூழ்ந்த குப்பை கூளங்களை அகற்றி எறும்புப் புற்றுகளைக் கலைத்துவிடுக.

பூச்சி அளவுகடந்து பெருகியுள்ளபோது

குளவி பெருகும்வரை காத்திருக்க இயலாத அளவு பூச்சி மிகுந்திருப்பின், பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடிக்குக.

முதலாவது, கடுமையாகத் தாக்கப்பட்டு மீளாத இலைகளையும் காய்களையும் வெட்டியகற்றுக. வெட்டியவற்றை வழியெங்கும் இழுத்துச் செல்லாது, அவ்விடத்திலேயே பையிற் கட்டி எடுத்துப் புதைக்குக அல்லது எரிக்குக. கூடுகள் மிகுந்த இலைகள் இருப்பின் அவற்றை முதலில் போத்தலில் இடுக.

இரண்டாவது, நீரை விசையுடன் பீச்சிப் பூச்சிகளைக் கழுவி வீழ்த்துக. வீட்டுத் தோட்டத்தில் நாலைந்து மரங்கள் வைத்திருப்போர்க்கு இதுவே போதுமாகும்.

மூன்றாவது, மெல்லிய சவர்க்கார நீரைப் பூச்சியின்மேல் நேரே படும்படி விசிறுக. இது உலர்ந்தபின் நஞ்சு எதுவும் எஞ்சுவதில்லை. எனவே மறுநாள் வரும் குளவிக்குத் தீங்கில்லை. முதலில் ஓர் இலையில் விசிறிப் பார்த்து, இலை கருகாவிடின் மாலை வேளையில் மற்றவற்றுக்கும் விசிறுக.

இவற்றால் அடங்காவிடின் மட்டுமே பூச்சிநாசினியைப் பற்றி எண்ணுதல் வேண்டும். அப்போதும் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, அவர் விதந்துரைக்கும் மருந்தை, பூச்சி மிகுந்த மரங்களுக்கு மட்டும் விசிறுக. தோட்டம் முழுவதற்கும் விசிறற்க. சில மரங்களை விசிறாது விடுதல் குளவிக்குப் புகலிடமாகும். விசிறியபின் பழம் பறிப்பதற்குக் காத்திருக்க வேண்டிய நாட்களைச் சிட்டையில் உள்ளவாறே கடைப்பிடித்தல் இன்றியமையாதது. பல்வகைப் பூச்சிகளையும் கொல்லும் கடுநஞ்சுகள் இலையிற் பல நாட்கள் தங்கி, வந்திறங்கும் ஒவ்வொரு குளவியையும் கொல்லுமென்பதை மறத்தலாகாது.

மூடிய கூடங்களில் வளர்க்கப்படும் செடிகள்

நெருங்கிய வலையாலும் பொலித்தீனாலும் மூடிய கூடங்களிலும், பூஞ்செடி நாற்றுமேடைகளிலும் வெண்மூட்டுப்பூச்சிகளும் செதிற்பூச்சிகளும் அடிக்கடி தோன்றுகின்றன. அங்கே மழை அவற்றைக் கழுவுவதில்லை. வெப்பம் அவற்றுக்கு உகந்தது. பூச்சியைத் தடுக்கக் கட்டிய வலை, செடியோடு உள்ளே வந்துவிட்ட பூச்சிக்கு அரணாகி, வெளியிலுள்ள குளவியைத் தடுத்துவிடுகின்றது. ஆதலால் திறந்த தோட்டத்தில் தானாக வரும் குளவியைக் கூடத்தினுள் நாமே கொண்டுசென்று விடுதல் வேண்டும்.

கண்ணாடிக் கூடங்களில் இம்முறை நெடுநாளாகக் கையாளப்படுகின்றது. 1926 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தக்காளிக் கூடமொன்றில், வெண் ஈயின் இளம்பருவங்கள் கருநிறமாகியிருந்தமை கவனிக்கப்பட்டது. உள்ளிருந்து வெளிவந்தது ஓர் ஒட்டுண்ணிக் குளவி. அதன்பின் அக்குளவி பெருக்கப்பட்டுத் தோட்டக்காரர்க்கு வழங்கப்பட்டது. செதிற்பூச்சிகளுக்கும் வெண்மூட்டுப்பூச்சிகளுக்கும் உரிய குளவிகளும் இவ்வாறே பல நாடுகளிற் கூடங்களில் விடப்படுகின்றன.

கூடத்திற் குளவி விடுவோர் மூன்றை நினைத்தல் வேண்டும். ஒன்று, ஒவ்வொரு குளவிக்கும் தனக்குரிய பூச்சி உண்டு. பப்பாசி வெண்மூட்டுப்பூச்சிக்குரிய குளவி, ஓடுபோன்ற செதிலையுடைய பூச்சியை அடக்காது. ஆகவே பூச்சி எதுவென முதலில் அறிதல் வேண்டும். மாதிரியை இறுக மூடிய பையிலிட்டுப் போதனாசிரியரிடம் காட்டுக. இரண்டு, பூச்சி சிலவாயிருக்கும்போதே குளவியை விடுதல் வேண்டும். ஒருமுறை மட்டுமன்றி, சில வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் விடுதல் நன்று. மூன்று, முன்னர் விசிறிய நஞ்சு மூடிய கூடத்தினுள் நீண்ட நாள் தங்கும். அது தணியுமுன் குளவியை விடுதல் வீண். மஞ்சள் நிற ஒட்டுப்பொறிகள் குளவிகளையும் பிடிக்குமாதலால், விடும் வேளையில் அவற்றை அகற்றிவைக்குக.

புதிதாக வாங்கிய செடியை உடனே கூடத்தினுள் கொண்டுபோகாது, சில வாரம் தனியிடத்தில் வைத்துப் பார்த்தல் யாவற்றிலும் எளிய காவலாகும்.

எதிர்பார்க்கக்கூடிய பயன்

குளவி பூச்சியை வேரோடு அழிப்பதில்லை. பூச்சி முற்றாக அழிந்தாற் குளவிக்கும் உணவில்லை. தேடிப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காணத்தக்க நிலைக்குப் பூச்சியைத் தாழ்த்தி, அந்நிலையிலேயே வைத்திருத்தல்தான் அதன் தொழில். அச்சில பூச்சிகள் மரத்தைக் கெடுப்பதில்லை. அவை குளவியின் இருப்பைக் காக்கும் விதைநெல் போன்றவை.

இப்பயன் நஞ்சைப்போல் மறுநாளே தோன்றாது. குளவியின் முதலிரு தலைமுறைகள் கழியும்வரை, அதாவது ஏறத்தாழ ஒரு மாதம்வரை, கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாமலிருக்கலாம். பெரும்பாலான கமக்காரர் பொறுமையிழந்து தெளிகருவியை எடுப்பது இந்த ஒரு மாதத்தினுள்ளேயே. அக்காலத்தைக் கடந்துவிட்டால் வேலை குளவியினுடையது. கூலியும் இல்லை, மருந்துச் செலவும் இல்லை. நீண்ட வறட்சியிற் பூச்சி மீண்டும் சிறிது பெருகுவதுண்டு. அப்போதும் கூடுகளை எண்ணிப் பார்த்த பின்னரே அடுத்ததைத் தீர்மானிக்குக.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. வெண்பஞ்சைக் கண்டவுடன் நஞ்சு விசிறற்க. முதலிற் கபில நிறக் கூடுகளைத் தேடுக.

2. துவாரமற்ற கூடுகளுள்ள இலைகளை அழிக்கற்க. அவற்றைப் போத்தலில் இட்டுக் குளவிகளைப் பெறுக.

3. தண்டிற் கிறீசுப் பட்டி கட்டி எறும்பை விலக்குக.

4. வேலியிலுள்ள செவ்வரத்தை, காட்டாமணக்கு, களைகள் ஆகியவற்றையும் பார்வையிடுக.

5. அவசியம் நேரின் நீரும் சவர்க்கார நீரும் முதலில். பூச்சிநாசினி இறுதியில், அதுவும் போதனாசிரியரின் ஆலோசனைப்படி.

6. வாரந்தோறும் எண்ணிக் குறித்து, ஒரு மாதமேனும் பொறுத்திருக்குக.

7. பூச்சி பிடித்த செடி, காய், பதியம் எவற்றையும் வேறூருக்குக் கொண்டுசெல்லற்க.

அயல் வளவுகளில் உள்ளோர் அனைவரும் ஒருமித்து இவற்றைக் கடைப்பிடிப்பின் பயன் பன்மடங்காகும். குளவிக்கு வேலியின் எல்லை தெரியாது. ஒருவர் வளவில் விசிறிய நஞ்சு அயலவரின் குளவியையும் கொல்லும், ஒருவர் வளவில் வளர்த்த குளவி அயலவரின் பப்பாசியையும் காக்கும்.